எலி வரும் தொப்பியும் அநேகமாக எதையும் திறக்காத சாவியும்: ஸானதார்ஸ் கைடின் சில்லறை மாயப்பொருட்கள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிக் கதையாடும் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில், ஆட்டத்தை நடத்தும் டிஎம்முக்கான 2014 டிஎம் கைடில் காமன் (மிகச் சாதாரண) ரக மாயப்பொருள் தேடினால் காயம் ஆற்றும் மருந்து, சுவர் ஏறும் மருந்து, சின்னச் சின்ன மந்திரச் சுருள்கள், அவ்வளவுதான். எல்லாம் ஒருமுறையோடு தீர்ந்துபோகும் சரக்கு. முதல் லெவல் பாத்திரம் கையில் வைத்துக்கொண்டு வேடிக்கை பண்ண ஒன்றுமில்லை. அந்த ஓட்டையை அடைத்தது, விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் 2017 நவம்பரில் வெளியிட்ட ஸானதார்ஸ் கைடு டு எவ்ரிதிங். 192 பக்கப் புத்தகத்தில் காமன் பொருட்களுக்குச் சில பக்கங்கள்தான். ஆனால் நாற்பதுக்கு மேல் பொருட்கள். சொந்தமாகக் குறும்புச் சாமான் செய்ய நினைக்கும் டிஎம் படிக்க வேண்டியது இதைத்தான், சொதப்பிய இடங்களையும் சேர்த்து.

நன்றாக வந்ததற்கு ஹேட் ஆஃப் வெர்மின். மூன்று சார்ஜ், அதாவது மூன்று தடவை பயன்படுத்தலாம். ஒரு ஆக்‌ஷன் (நம் முறை வரும்போது செய்யும் ஒரு செயல்) செலவழித்துக் கட்டளைச் சொல்லைச் சொன்னால் தொப்பிக்குள் வௌவால், தவளை, எலி, இதில் கேட்டது வரும். வந்த கையோடு நம்மிடமிருந்து தப்பி ஓடப் பார்க்கும். நட்பும் இல்லை, பகையும் இல்லை, சொன்ன பேச்சும் கேட்காது. ஒரு மணி நேரத்தில் மறைந்துவிடும். விடிந்தால் சார்ஜ் மூன்றும் திரும்பிவிடும். இதன் உயிரே அந்தத் 'தப்பி ஓடப் பார்க்கும்' என்ற வரிதான். அதை எடுத்துவிட்டால் தினம் மூன்று இலவச ஒற்றர்கள். கதவிடுக்கில் எலியை விட்டு அடுத்த அறையை நோட்டம் பார்ப்பார்கள். அந்த வரி இருப்பதால் எலி விருந்துப் பந்தியில் குதித்து ரகளை பண்ண மட்டுமே உதவும். நமக்கு வேண்டியதும் அதுதானே.

மிஸ்டரி கீ பாதிக் கிணறு தாண்டிய யோசனை. எந்தப் பூட்டில் நுழைத்தாலும் திறக்க 5 சதவீத வாய்ப்பு. திறந்ததும் சாவி மாயமாகிவிடும். டி20 (இருபது முகப் பகடை) உருட்டி 20 விழ வேண்டும், கணக்கு சுலபம். ஒரே பூட்டில் திரும்பத் திரும்ப முயலலாமா என்பதைத்தான் எழுதாமல் விட்டுவிட்டார்கள். முயலலாம் என்றால் ஆறு நொடிக்கு (ஆட்டத்தில் ஒரு சுற்று) ஒரு தடவை போட்டுப் போட்டு எடுத்து, சராசரியாக இரண்டே நிமிடத்தில் எந்தக் கஜானாவும் திறந்துகொள்ளும். 'ஒரு பூட்டுக்கு ஒரே தடவை' என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அப்போது 14 வெவ்வேறு பூட்டுகளைத் தொட்டால்தான் வாய்ப்பு பாதியைத் தாண்டும். சாவி மாதக்கணக்கில் பையில் கிடக்கும், ஒவ்வொரு கதவிலும் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பகடையைப் பார்ப்பார்கள்.

ஸ்டாஃப் ஆஃப் பேர்ட்கால்ஸ் என்ற கோலில் குறை வேறு மாதிரி. காகம், வாத்து, ஆந்தை, கோழி என்று பத்துப் பறவைகளின் குரல் கேட்கும். சரி. கோழி மாதிரி கொக்கரிக்க எதற்கு 10 சார்ஜ், விடியும்போது 1டி6+4 (ஆறு முகப் பகடையில் விழுவதோடு நான்கு) திரும்பும் என்று கணக்குப்பிள்ளை வேலை? யாரும் எழுதி வைக்கப்போவதில்லை. ஆனால் கடைசி சார்ஜில் டி20 உருட்டி 1 விழுந்தால் கோல் இறகு மேகமாக வெடித்துப் போகும் என்பது அருமை. சார்ஜை மூன்றாகக் குறைத்தால் அந்தக் கட்டம் எப்போதாவது வந்து சேரும்.

போர்வை படபடப்பது, கவசத்திலிருந்து புகை வருவது போன்றவை வெறும் அலங்காரம். முதல் தடவை சிரிப்பார்கள், மூன்றாவது தடவை மறந்துவிடுவார்கள். பாட் ஆஃப் அவேக்கனிங் அப்படியல்ல. 10 பவுண்டு மண் தொட்டியில் புதர் நட்டு 30 நாள் வளர்த்தால் அது உயிர்பெற்று, வேரால் தொட்டியை உடைத்துக்கொண்டு வெளியே வரும். பெரும்பாலான ஆட்டங்களில் கதைக்குள் 30 நாள் கடக்கவே பல அமர்வுகள் ஆகும். அதுவரை சண்டையில் தொட்டியை யார் தூக்குவது என்பதுதான் ஆட்டம்.

இந்த அச்சில் ஒன்று வார்த்துப் பார்ப்போம். பத்தடிக்குள் யாராவது பொய் சொன்னால் தானே விரியும் குடை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் துப்பறியும் கதை அன்றோடு முடிந்தது. ஊரில் ஒவ்வொருவரையும் குடைக்கு முன் நிறுத்தி விசாரிப்பார்கள். இரண்டாம் லெவல் மந்திரம் செய்கிற வேலையை ஓசியில் கொடுத்தால் அப்படித்தான். எனவே திசையைத் திருப்புங்கள்: குடையை வைத்திருப்பவர் பொய் சொன்னால் மட்டும் விரியட்டும். இப்போது அது தொல்லை, 'பாருங்கள், விரியவில்லை' என்று காட்டும் நற்சான்றிதழும் கூட. உடனே ஒருவர் அதைச் சந்தேக ஆசாமியின் கையில் திணிப்பார். குடைக்கு அட்யூன்மென்ட் (பொருளை ஒருவரோடு பிணைக்கும் விதி) வைக்காதீர்கள். அப்படிப் பிணைக்க ஒருவருக்கு மூன்று இடம்தான், குடைக்கு ஒன்றை யாரும் ஒதுக்க மாட்டார்கள். 'கடந்த விடியலிலிருந்து கூடவே வைத்திருப்பவர்' என்று எழுதினால் போதும். நாளுக்கு மூன்று தடவைதான் விரியும், மடக்க ஒரு ஆக்‌ஷன். மூன்றாவது தடவை டி20 உருட்டி 1 விழுந்தால் அன்றிலிருந்து உண்மை சொன்னால் விரியும். இந்தக் கடைசி வரி, இதே புத்தகத்தின் வாண்ட் ஆஃப் ஸ்மைல்ஸ் (சிரிக்க வைக்கும் கோல்) 1 விழுந்தால் வாண்ட் ஆஃப் ஸ்கவுல்ஸாக (முகம் சுளிக்க வைக்கும் கோல்) மாறும் விதியிலிருந்து எடுத்தது.

ஆட்டக்காரர்களே செய்ய விரும்பினால் இதே புத்தகத்தின் கணக்கு: காமன் பொருளுக்கு ஒரு வேலைவாரம், 50 பொற்காசு. அரிய மூலப்பொருள் ஒன்றும் வேண்டும், அதற்குச் சேலஞ்ச் ரேட்டிங் (உயிரினத்தின் பலத்தைக் காட்டும் எண்) 1 முதல் 3 வரையுள்ள உயிரினத்தை எதிர்கொள்ள வேண்டும். 2024 டிஎம் கைடில் ஐந்து நாள், அதே 50 காசு, விற்பனை விலை 100. மேலே சொன்னவற்றில் பலவும் அந்த 2024 புத்தகத்திலேயே இருக்கின்றன. அது கையில் இருந்தால் பொருட்களுக்காக மட்டும் ஸானதார்ஸை வாங்க வேண்டாம்.