எட்டு ஐப்பசி பார்த்த பாக்ஸ்டர்

பாளையங்கோட்டையில் போர்ஷே வைத்திருப்பவனிடம் எல்லோரும் கேட்கும் கேள்விகள் இரண்டு. "மைலேஜ் என்ன குடுக்கும்?" என்பது முதலாவது. எட்டு, மனசு வைத்தால் ஒன்பது. முடிந்தது. "மழ பெஞ்சா இத என்ன செய்வீங்க?" என்பது இரண்டாவது. அதற்கு டீக்கடையில் நின்று பதில் சொல்ல முடியாது, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

வண்டி போர்ஷே கம்பெனியின் 2008 மாடல் பாக்ஸ்டர், ஸ்போர்ட்ஸ் கார். 987 என்று சொல்கிற தலைமுறை. 2.7 லிட்டர், ஆறு சிலிண்டர், 245 குதிரைத்திறன், ஐந்து கியர், துணிக் கூரை, இரண்டே சீட். 2018 தை மாதம் கோயம்புத்தூரில் செகண்ட் ஹேண்டாக வாங்கும்போது 31,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. இன்றைக்கு 68,000. வீரவநல்லூர்ப் பக்கம் எங்களுக்கு அரிசி மில் இருக்கிறது. பத்தமடை, சேரன்மகாதேவி வழியாக முப்பது கிலோமீட்டர் சொச்சம். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் இதில் போவேன், மற்ற நாள் ஸ்விஃப்ட். மழை என்பதற்காக இதை ஒதுக்கி நிறுத்தியதில்லை, ஒரே ஒரு தடவை தவிர. அதைப் பிறகு சொல்கிறேன்.

இன்ஜின் சீட்டுக்குப் பின்னால், பின்சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. வாங்கிய புதிதில் எங்கள் மெக்கானிக் தம்பி பானெட்டைத் திறந்தான், பெட்டி வைக்கிற இடம். டிக்கியைத் திறந்தான், அங்கேயும் பெட்டி வைக்கிற இடம். "அண்ணாச்சி, இன்ஜினக் கோயம்புத்தூர்லயே விட்டுட்டு வந்துட்டீங்களா?" என்றான். மழைக்கும் இந்த அமைப்புக்கும் நேரடிச் சம்பந்தம் உண்டு. எடை நடுவில் குவிந்திருப்பதால் வளைவில் சட்டென்று திரும்பும். வழுக்கத் தொடங்கினால் அதே போலச் சட்டென்று சுற்றியும் விடும். முன்பக்கம் கனமான காரில் முன்சக்கரம் விலகிப்போய் நமக்கு யோசிக்க ஒரு நொடி கிடைக்கும். இதில் அந்த ஒரு நொடி கிடையாது.

முதல் பாடம் 2018 சித்திரையில், கோடை மழையில். வண்ணார்பேட்டை ரவுண்டானா. மழை தொடங்கிப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. நாலு மாத ஆயிலும் தூசியும் தார் மேல் கரைந்து பசை மாதிரி இருந்திருக்கிறது. இரண்டாவது கியரில் திரும்பும்போது ஆக்சிலேட்டரை ஒரு விரல் கூடுதலாக மிதித்தேன். அவ்வளவுதான், பின்பக்கம் தனியாகப் புறப்பட்டுவிட்டது. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு படபடவென்று மின்னியது. வண்டியே பிரேக்கை ஒவ்வொரு சக்கரமாகப் பிடித்து நிமிர்த்திக்கொண்டது. என் கை செய்தது ஒன்றுமில்லை. பக்கத்தில் பைக்கை நிறுத்தியிருந்த பையன், "ஏல, வண்டி ஆடுது பாத்தியா" என்று கூட இருந்தவனிடம் சொன்னது கண்ணாடி மூடியிருந்தும் கேட்டது.

வீட்டுக்கு வந்து டார்ச் அடித்து டயரைப் பார்த்தேன். டயரின் வரிப்பள்ளம் நன்றாகவே இருந்தது. ஆனால் பக்கவாட்டில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் 2211 என்று நான்கு எண். 2011-ம் வருஷம் 22-வது வாரம் செய்த டயர் என்று அர்த்தம். ஏழு வயது. நகத்தால் அழுத்தினால் இறங்கவில்லை, கருங்கல். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் இது சாதாரணம். வருஷத்துக்கு மூவாயிரம் கிலோமீட்டர் ஓடுகிற வண்டியில் டயர் தேய்வதற்கு முன்னால் ரப்பர் செத்துவிடும். பள்ளம் இருக்கிறதே என்று நம்பி வாங்குகிறவர்கள் முதல் மழையில் என்னைப் போலச் சுற்றுவார்கள்.

டயர் அளவு முன்னால் 235/40, பின்னால் 265/40 (முதல் எண் மில்லிமீட்டரில் அகலம்), இரண்டும் 18 அங்குலச் சக்கரத்துக்கு. திருநெல்வேலிக் கடைகளில் பின் டயர் கையிருப்பில் இருக்காது, சொல்லிவைத்து வரவழைக்க வேண்டும். நாலும் மாற்றிய பிறகு அதே ரவுண்டானாவில் அதே மாதிரி மழையில் போய்ப் பார்த்தேன். வேறு வண்டி! இந்த எட்டு வருஷத்தில் மழைக்காக நான் செய்த செலவுகளில் உருப்படியானது எது என்றால் டயர்தான். சட்டப்படி பள்ளம் 1.6 மில்லிமீட்டராகத் தேயும் வரை ஓட்டலாம். நான் 3 மில்லிமீட்டரிலேயே கழற்றிவிடுகிறேன். வீட்டில் இதற்குத் தனியாக ஒரு சண்டை உண்டு.

அகலமான டயர் என்றால் பிடிப்பு அதிகம் என்று நினைப்போம். காய்ந்த ரோட்டில் சரி. தண்ணீர் நிற்கிற ரோட்டில் நேர் எதிர்: அகலம் கூடக் கூட டயர் ஒதுக்கித்தள்ள வேண்டிய தண்ணீரும் கூடும். ஒதுக்க முடியாதபோது டயர் தண்ணீர் மேலேயே ஏறி மிதக்கும். வழுவழுப்பான டயர் எந்த வேகத்தில் மிதக்கும் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு இருக்கிறது. காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை 16.6-ஆல் பெருக்க வேண்டும். 30 பி.எஸ்.ஐ. என்றால் கிட்டத்தட்ட 91 கிலோமீட்டர் வேகம். நல்ல பள்ளம் இருந்தால் இதைத் தாண்டியும் தாங்கும். 1,300 கிலோவை ஒட்டிய எடையில் இத்தனை அகலத்தை வைத்துக்கொண்டு அந்த எண்ணோடு விளையாட எனக்குத் தைரியம் இல்லை. நல்ல மழை என்றால் நான்குவழிச் சாலையிலும் 60 தான். டவுன் பஸ் என்னைத் தாண்டிப் போயிருக்கிறது. கண்டக்டர் ஜன்னல் வழியாகச் சிரித்தார், நானும் சிரித்தேன்.

நான்குவழிச் சாலையில் தண்ணீர் எல்லா இடத்திலும் நிற்பதில்லை. நாங்குநேரி, வள்ளியூர் பக்கம் போகும்போது கவனித்தால் தெரியும். லாரிகள் ஓடி ஓடி இடது தடத்தில் இரண்டு வாய்க்கால் விழுந்திருக்கும், அதில் தண்ணீர் ஓடும். வளைவுகளில் ரோடு ஒரு பக்கம் சாய்ந்திருப்பதால், அரளிச் செடி வைத்த மீடியன் ஓரத்தில் மண் அடைத்திருந்தால் அங்கே குளம் கட்டும். நான் அந்த வாய்க்கால்களுக்கு நடுவே உள்ள மேட்டில் சக்கரம் வருகிற மாதிரி கொஞ்சம் தள்ளி ஓட்டுவேன். இந்தத் தலைமுறையில் ஸ்டீயரிங்குக்கு உதவுவது ஹைட்ராலிக், அதாவது எண்ணெய் அழுத்தம். மின்மோட்டார் கிடையாது. அதனால் முன்டயர் தண்ணீரில் ஏறும்போது கையில் தெரிந்துவிடும். தயிர் கடையும்போது மத்து திடீரென்று இலகுவாகிற மாதிரி ஒரு உணர்வு. அப்போது ஆக்சிலேட்டரில் இருந்து காலை மெதுவாக எடுத்தால் போதும். பிரேக்கையும் தொடக்கூடாது, ஸ்டீயரிங்கையும் திருப்பக்கூடாது. இந்த முன்னறிவிப்புக்காகவே, இதைவிடப் புதிய பெரிய கார்களைவிட மழையில் இதை நான் நம்புகிறேன். நண்பர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

நான் பயப்படுவது மற்றவர்கள் கண்ணில் படாமல் போவதற்குத்தான். இதில் உட்கார்ந்தால் என் தலை டாரஸ் லாரியின் சக்கர மட்டத்தில் இருக்கும். அது அடிக்கிற தண்ணீர் நேராக என் கண்ணாடியில். இரண்டு நொடி எதுவும் தெரியாது, வைப்பர் என்ன வேகத்தில் போட்டாலும். டிரைவருக்கு நான் பக்கத்தில் இருப்பதே தெரியாது. அதனால் மழையில் லாரியைத் தாண்டுவதை அநேகமாக விட்டுவிட்டேன். பகலிலும் ஹெட்லைட் எரியும். நான்கு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டே ஓட்டுகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள், நீங்கள் நிற்கிறீர்களா திரும்புகிறீர்களா என்று பின்னால் வருகிறவனுக்குப் புரியாது.

பிரேக் பற்றி ஒரு வரி: பெரிய மழையில் முதல் மிதியில் ஒரு கணம் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும், டிஸ்க் மேல் உள்ள தண்ணீர் வழிக்கப்பட்ட பிறகுதான் பிடிக்கும். அவ்வப்போது லேசாகத் தொட்டுக்கொண்டே போனால் சரி.

அப்புறம் எங்கள் ஊருக்கே உரிய ஒன்று, தொளி, அதாவது உழவுச் சேறு. ஐப்பசியில் பிசான நெல் சாகுபடிக்கு உழவு நடக்கும். பத்தமடையில் இருந்து சேரன்மகாதேவி வரை வயலில் இருந்து டிராக்டர் ஏறி ரோட்டுக்கு வரும் இடமெல்லாம் சேறு அப்பியிருக்கும். மழைத் தூறல் பட்டதும் அது சோப்பு. ரவுண்டானாவில் என்னைக் காப்பாற்றிய நிலைப்படுத்தும் கருவியும், பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ்.ஸும் இதில் பெரிதாக உதவாது, பிடிக்க ரோடே இல்லையே. மூன்றாவது கியரில் போட்டு, காலால் எதையும் மிதிக்காமல் உருண்டு கடப்பேன்.

இனி உண்மையான வில்லனுக்கு வருகிறேன். 2019 கார்த்திகையில் ஒரு காலை, வண்டிக்குள் ஏறினால் ஈரச் சாக்கு நாற்றம். மிதியடியை அழுத்தினேன், தண்ணீர் மேலே வந்தது. சீட்டுக்கு அடியில் கையை விட்டால் கார்ப்பெட்டுக்குக் கீழே உள்ள நுரை ஊறிக் கிடந்தது. சீட்டின் அடியில் போகிற வயர் இணைப்பு நனைந்து ஏர்பேக் விளக்கும் எரிந்துவிட்டது. மெக்கானிக் தம்பி எட்டிப் பார்த்து, "இது காரா, தொட்டியா அண்ணாச்சி?" என்றான்.

கூரைத் துணியில் விழும் மழைநீர், சீட்டுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் உள்ள ஓட்டைகள் வழியாக வண்டிக்கு அடியில் இறங்கிவிட வேண்டும். மில்லில் நான் நிறுத்துவது புளியமரத்தடி, வெயிலுக்கு நல்ல நிழல். புளிய இலை அந்த ஓட்டைக்கென்றே அளவெடுத்துச் செய்த மாதிரி இருக்கிறது. கூரையைப் பாதி மடக்கி நிறுத்திவிட்டு, புல்வெட்டும் இயந்திரத்தில் போடுகிற நைலான் கயிற்றை மெல்ல உள்ளே விட்டேன். நாலு விரற்கடை போனதும் தடுத்தது. சுழற்றிச் சுழற்றி இழுத்ததில் முதலில் கறுப்பாக ஒரு உருண்டை வந்தது. பிட்டுப் பார்த்தால் புளிய இலை, வேப்பம்பூ, செம்மண், ஒரு செத்த குளவி. பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினேன், பின்சக்கரத்துக்கு முன்னால் தரையில் சளசளவென்று விழுந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்க அத்தனை சந்தோஷம். கம்பி விடாதீர்கள், குழாய் கழன்றுவிடும். கார்ப்பெட் காய ஒன்பது நாள் ஆனது. நெல் காயவைக்கிற களத்தில் சீட்டைக் கழற்றிப் போட்டு வைத்திருந்ததை ஊரே வந்து பார்த்தது. இதில் வண்டியைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, என் சோம்பேறித்தனம். இப்போது ஆடியிலும் புரட்டாசியிலும் தவறாமல் ஒரு டம்ளர் சோதனை.

மழைக்காக ஒதுக்கி நிறுத்திய அந்த ஒரு தடவை 2023 டிசம்பர். 17-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே மழை விடுகிற மாதிரி தெரியவில்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது என்பதெல்லாம் பின்னால்தான் தெரிந்தது. அப்போது தெரிந்தது வாசல் ஓடை திரும்பி ஓடுவது மட்டும். பெருமாள்புரத்தில் மச்சான் வீட்டு போர்ட்டிகோ மேடாக இருக்கும், அங்கே ஏற்றி விட்டேன். "எய்யா, மனுசன் இருக்க எடம் இல்லங்கேன், நீ காருக்கு எடம் தேடுத" என்று அம்மா ஏசினாள். அவள் சொன்னதிலும் நியாயம் உண்டு. மறுநாள் தாமிரபரணி திருநெல்வேலி ஜங்ஷனுக்குள் வந்துவிட்டது.

இந்த வண்டிக்கு இன்ஜினுக்கான காற்று இடது கதவுக்குப் பின்னால் உள்ள துவாரம் வழியாகப் போகிறது. உயரம்தான், ஆனால் எதிரே வருகிற பஸ் எழுப்பும் அலைக்கு எட்டும் உயரம். தண்ணீர் சிலிண்டருக்குள் போனால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சாதாரண இன்சூரன்ஸ் இதற்குப் பணம் தராது. நின்றுபோனால் திரும்ப ஸ்டார்ட் செய்து பார்க்கிற கை துறுதுறுப்புதான் பாதி இன்ஜினைக் கொல்கிறது. தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடினால் என் அளவுகோல் எளிது: முன்னால் நடந்து போகிறவர் கணுக்காலுக்கு மேலே வேட்டியைத் தூக்கினால் வண்டியைத் திருப்பிவிடுவேன்.

குறை மட்டும் சொன்னால் பாவம். ஆனி ஆடியில் சாரல் காலத்தில் பாவூர்சத்திரம் தாண்டித் தென்காசி ரோட்டில் கூரையைத் திறந்துவிட்டு 70-ல் போனால் தூறல் கண்ணாடி மேல் ஏறித் தலைக்கு மேலே பறந்துவிடும், ஒரு சொட்டு உள்ளே விழாது. மலை முழுக்க மேகம். நின்றால்தான் நனைவோம். குற்றாலம் சீசன் கூட்டத்தில் நகர வழியில்லாமல் ஒரு தடவை நிற்க வேண்டியதாகிவிட்டது. கூரை மூட 12 நொடி, 50 கிலோமீட்டர் வேகம் வரை ஓடிக்கொண்டே மூடலாம். நான் பெருமையாக அதைச் சொல்லி முடிப்பதற்குள் மேலே நின்ற மரம் ஒரு உலுக்கு உலுக்கியது. "ஏங்க, முதல்ல பட்டன அமுக்குங்க" என்றாள் என் மனைவி. பிறகு மூடிய துணி மேல் மழை விழுகிற சத்தம், கல்யாணப் பந்தலுக்குள் உட்கார்ந்திருக்கிற மாதிரி. ஏ.சி. போடாவிட்டால் இரண்டு நிமிஷத்தில் கண்ணாடி வேர்த்துவிடும். கூரையின் பின்கண்ணாடிக்குச் சூடேற்றும் கம்பி உண்டு, அது வேலை செய்கிறதா என்று வாங்கும்போதே பார்த்துவிடுங்கள். கார்ப்பெட்டையும் தூக்கி முகர்ந்து பாருங்கள், விற்கிறவர் என்ன நினைத்தாலும் சரி.

பின் டயர் இரண்டும் இப்போது 3 மில்லிமீட்டரைத் தொட்டுவிட்டன. சொல்லிவைத்திருக்கிறேன், வர இன்னும் பத்து நாள் ஆகுமாம். அதுவரை இது மில்லில், புளியமரத்தை விட்டுத் தள்ளி, கியரில் நிற்கிறது. நான் ஸ்விஃப்டில் போய்க்கொண்டிருக்கிறேன்.