பழைய ஆண்டு மலர்களும் இஎக்ஸ்பாத்தும்: 2017 முதல் ஒரு பயன்பாட்டு அனுபவம்

கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மாடி அறை. வார இறுதிகளில் நாங்கள் நான்கைந்து பேர் அங்கே கூடி, பழைய தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர்களையும் சங்கச் செய்தி மடல்களையும் எக்ஸ்எம்எல்லாக (உரையின் பகுதிகளைக் குறியிட்டு வைக்கும் கோப்பு வடிவம்) மாற்றிச் சேர்த்து வருகிறோம். தேடுவதும் திருத்துவதும் எக்ஸ்எம்எல்லுக்கான வினவல் மொழியான எக்ஸ்குவரியில். 2017 முதல் அதற்குள் இஎக்ஸ்பாத் செயற்கூறுகளை (ஃபங்ஷன்கள்) பயன்படுத்துகிறோம். எந்த மென்பொருளிலும் ஒரேபோல் ஓட வேண்டும் என்று பொதுவாக வரையறுக்கப்பட்டவை அவை.

எக்ஸ்குவரி 1.0 வெளிவந்தது ஜனவரி 2007இல். ஆவணத்துக்குள் தேட அதில் எல்லாமே உண்டு. ஆனால் ஒரு கோப்புறையில் என்னென்ன இருக்கிறது என்று பார்க்கவோ, கோப்பில் எழுதவோ, இணையதளத்துக்குக் கோரிக்கை அனுப்பவோ வழி இல்லை. அந்த வேலைகளுக்கு ஒவ்வொரு தயாரிப்பும் தனக்கென்று செயற்கூறுகளை வைத்துக்கொண்டது. நாங்கள் முதலில் வைத்திருந்த தரவுத்தளமும் அப்படித்தான். அதைவிட்டு வெளியேறியபோது தேடும் வரிகள் அப்படியே ஓடின. கோப்பைத் தொட்ட வரிகள் ஒன்றுகூட ஓடவில்லை. மூன்று மாத மாலைப் பொழுதுகள் அதில் போயின. ஒரு எழுத்துருவில் தட்டியதை இன்னொன்றில் திறந்து, திரை முழுக்கக் கிறுக்கலைப் பார்த்த தலைமுறை நாங்கள். ஆனாலும் அதே பள்ளத்தில் மறுபடி விழுந்தோம்.

2009இல் ஃப்ளோரன் ஜார்ஜ் தொடங்கிய இஎக்ஸ்பாத் இதற்குத்தான் வழி தேடியது: செயற்கூறின் பெயர், அதற்குக் கொடுக்க வேண்டியவை, அது திருப்பித் தருவது, பிழை வந்தால் அதன் பெயர், இவற்றை எல்லோரும் பேசி ஒரே ஆவணத்தில் எழுதி வைப்பது. கோப்புகளைப் படிக்கவும் எழுதவும் உதவும் செயற்கூறுகள் அடங்கிய கோப்புத் தொகுதியின் 1.0 பதிப்பு பிப்ரவரி 2015இல் வந்தது. நாங்கள் பேஸ்எக்ஸ் என்ற எக்ஸ்எம்எல் தரவுத்தளத்துக்கு மாறியபோது அது தயாராக இருந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது, கோப்பின் பைட்டுகளை நேரடியாகக் கையாளும் பைனரித் தொகுதி. 2000ஆம் ஆண்டையொட்டிய மலர்கள் பல, யூனிகோடுக்கு முந்தைய தமிழ்க் குறியாக்கமான டிஸ்கியில் இருந்தன. கோப்பை உரையாகப் படிக்கச் சொன்னால், அந்தக் குறியாக்கமே தெரியாது என்ற பிழைதான் வரும். அதனால் பைட்டுகளாகவே படித்து, 'பின்:டு-ஆக்டெட்ஸ்' மூலம் எண்களாக்கி, எங்கள் அட்டவணையை வைத்து யூனிகோடுக்கு மாற்றினோம். டிஸ்கியில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் நிற்கும். யூனிகோடில் பின்னால் போக வேண்டும். அந்த இடமாற்றத்துக்கு ஒரு வரி 'ரிப்ளேஸ்' போதும். அப்புறம் 'நார்மலைஸ்-யூனிகோட்' ஓட்டினால், தனித்தனியாக நிற்கும் கொம்பும் காலும் 'கொ'வில் இருப்பதுபோல் ஒரே குறியாகச் சேர்ந்துவிடும். முதல்முறை ஒரு மலரின் வாழ்த்துரை சரியாகத் திரையில் வந்தபோது அறையில் யாரும் பேசவில்லை.

பின்னாளில் பினாங்கிலிருக்கும் தம்பி ஒருவர் அதே நிரலை சாக்ஸன் என்ற இன்னொரு எக்ஸ்குவரி மென்பொருளில் ஓட்டிப் பார்த்தார். (சாக்ஸனின் இலவசப் பதிப்பில் கோப்பு, பைனரித் தொகுதிகள் கிடையாது, கட்டணப் பதிப்பு வேண்டும்.) "அண்ணே, ஒரு வரிகூட மாத்தல" என்று குரல்செய்தி அனுப்பினார். இத்தனை ஆண்டுப் பயன்பாட்டில் எனக்குக் கிடைத்த சிறந்த சான்றிதழ் அதுதான்.

குறை இல்லாமல் இல்லை. விண்டோஸிலிருந்து லினக்ஸுக்குப் போனதும் ஒரு மலரின் பக்கங்கள் கலைந்துவிட்டன. 'ஃபைல்:லிஸ்ட்' கோப்புப் பெயர்களை எந்த வரிசையில் தரும் என்பதை விதி வரையறுக்கவில்லை. நாங்கள் அகரவரிசை என்று நம்பியிருந்தோம். இப்போது வரிசைப்படுத்தாமல் எதையும் எடுப்பதில்லை. இணையதளங்களுக்குக் கோரிக்கை அனுப்பும் எச்டிடிபி தொகுதியில் இன்னும் கவனம் தேவை. எச்டிஎம்எல் பக்கத்தைச் சீர்செய்து மர அமைப்பாகத் தர வேண்டும் என்பது விதி. பழைய தரவுத்தளம் அதை வெறும் எழுத்துச் சரமாகக் கொடுத்து எங்களைப் பழக்கியிருந்தது. மாறிய முதல் இரவு, இணையதளங்களிலிருந்து எடுக்கும் நூற்பட்டியல் சேகரிப்பு முழுக்கக் காலி. வரும் பதிலின் ஊடக வகையை உரை என்று கட்டாயப்படுத்தி, பிரிப்பதை நாங்களே செய்தபின்தான் சரியானது. பெயர் ஒன்றாக இருந்தால் போதாது, ஒரே சோதனைத் தொகுப்பை எக்ஸ்குவரியை ஓட்டும் எல்லா இயந்திரங்களும் கடக்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

பிழைப் பெயர்களைப் பாராட்டியே ஆக வேண்டும். கோப்பு இல்லையென்றால் 'ஃபைல்:நாட்-ஃபவுண்ட்'. பிழையைப் பிடித்துக் கையாளும் எக்ஸ்குவரி 3.0இன் 'ட்ரை-கேட்ச்'சில் அந்தப் பெயரைப் பிடித்தால் எந்த இயந்திரத்திலும் அதே பிழைதான் சிக்கும். சின்ன விஷயம்போலத் தெரியும். காணாமல்போன ஒரு படத்துக்காக இரவு முழுவதும் ஓட வேண்டிய வேலை நின்றுபோனவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

வலைப்பக்கத்துக்கு, 2012இல் ஆடம் ரெட்டர் முன்வைத்த ரெஸ்ட்எக்ஸ்கியூ. செயற்கூறின் தலையில் வலை முகவரியை எழுதினால் போதும், அங்கே வரும் கோரிக்கைக்கு அந்தச் செயற்கூறே பதில் தரும். ஆறு ஆண்டுகளாகத் தொடவேண்டி வரவில்லை.

டிஸ்கி மாற்றும் நிரலையும் சோதனைக் கோப்புகளையும் பொதுவில் வைக்கத் தயார் செய்கிறோம். பெயர்வெளிக்கு (நம் செயற்கூறுகளின் பெயர்கள் மற்றவர்களுடையவற்றோடு மோதாமல் காக்கும் அடையாளம்) என்ன முகவரி கொடுப்பது என்பதில்தான் பினாங்குக்கும் எங்களுக்கும் இன்னும் பேச்சு நடக்கிறது.