கோபோலினக்ஸ்: மூன்று வருடமும் ஒரு பிரிண்டரும்

"இன்னும் அந்த கோபோலினக்ஸைத்தான் வச்சிருக்கியா? நானும் போட்டுப் பார்க்கலாமா?" என்று போன வாரம் நண்பர் கேட்டார். அந்த நேரத்தில் நான் ஒரு பிரிண்டரை இயக்கும் டிரைவர் மென்பொருள் விட்டுப்போன கோப்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காரணத்தைச் சொல்லவில்லை, அதனால் இது.

கோபோலினக்ஸ், சுருக்கமாகக் கோபோ, லினக்ஸ் இயங்குதளத்தின் ஒரு வகை. வழக்கமான லினக்ஸில் ஒரு மென்பொருளை நிறுவினால் நிரல் ஓரிடம், லைப்ரரி ஓரிடம், கையேடு வேறிடம் என்று சிதறிவிடும். எது எங்கே போனது என்று, மென்பொருள்களை நிறுவிக் கணக்கு வைத்துக்கொள்ளும் பேக்கேஜ் மேனேஜரைத்தான் கேட்க வேண்டும். கோபோவில் ஒவ்வொரு மென்பொருளுக்கும் 'ப்ரோகிராம்ஸ்' என்ற டைரக்டரிக்குள் தனி வீடு. அதற்குள் பதிப்பு எண்ணுக்கு ஓர் அறை. இப்போது ஓடுவது எந்தப் பதிப்பு என்பதை 'கரண்ட்' என்ற சிம்லிங்க் (வேறோர் இடத்துக்குக் கைகாட்டும் குறுக்குவழி) காட்டிவிடும். என்னென்ன நிறுவியிருக்கிறோம் என்று பார்க்க அந்த டைரக்டரியைத் திறந்தால் போதும். தனியாகக் கணக்குப் புத்தகம் கிடையாது.

ஹிஷாம் முஹம்மதும் அந்த்ரே டெட்ச்சும் 2002இல் தொடங்கியது இது. ரூட் அனுமதி, அதாவது கணினியில் எதையும் மாற்றும் உரிமை, இல்லாத பல்கலைக்கழகக் கணினிகளில், தன் ஹோம் டைரக்டரிக்குள்ளேயே மென்பொருள்களைத் தனித்தனியாக அடுக்கி வைத்துப் பழகியவர் ஹிஷாம். அதையே ஒரு முழு இயங்குதளமாக விரித்துவிட்டார்கள். கணினியில் என்னென்ன ஓடுகிறது என்று பார்க்க நாமெல்லாம் டெர்மினலில் ஓடவிடும் ஹெச்டாப்பை எழுதியதும் ஹிஷாம்தான்.

பழைய பழக்கத்தில் 'பின்', 'யூஎஸ்ஆர்' என்ற வழக்கமான லினக்ஸ் டைரக்டரிகளைத் தேடி வரும் நிரல்களுக்காக அந்தப் பெயர்களும் இருக்கின்றன, வெறும் சிம்லிங்க்குகளாக. அவை எல்லாம் 'சிஸ்டம்' டைரக்டரிக்குள் இருக்கும் 'இண்டெக்ஸ்' பக்கம் திருப்பிவிடும். அங்கிருந்து ஒவ்வொரு கோப்புக்கும் அதனதன் வீட்டுக்கு லிங்க். இயங்குதளத்தின் மையமான கெர்னலில் போடும் கோபோஹைட் என்ற ஒட்டு அந்தப் பழைய பெயர்களைக் கண்ணில் படாமல் மறைத்துவிடுகிறது. விருந்தாளி வரும் நேரத்தில் துவைக்காத துணியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுகிற வேலைதான், ஆனால் பார்க்க நன்றாகவே இருக்கிறது.

ஒருமுறை பட எடிட்டரின் புதிய பதிப்பைப் போட்டதும் அது திறக்கவே மறுத்தது. பழைய பதிப்பு பக்கத்து அறையிலேயே இருந்தது. லிங்க்கைத் திருப்பிவிட்டேன், ஒரு நிமிட வேலை. அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் "உடனே போடு" என்றிருப்பேன்.

அப்புறம் பிரிண்டர் வந்தது. அதன் நிறுவனம் தந்த இன்ஸ்டாலர் யாரையும் எதையும் கேட்காது. ரூட் அனுமதி வாங்கிக்கொண்டு நேரே யூஎஸ்ஆருக்குள் கோப்புகளைக் கொட்டும். இங்கே யூஎஸ்ஆர் என்பதே இண்டெக்ஸ்தானே! லிங்க்குகள் மட்டும் இருக்க வேண்டிய இடத்தில், வீடு வாசல் இல்லாத நிஜக் கோப்புகள் போய் உட்கார்ந்துகொண்டன. ப்ரோகிராம்ஸில் அந்த டிரைவரின் பெயரே இல்லை. வீடே இல்லாதவனை எப்படிக் காலி செய்வது? பிரிண்டரைத் தூக்கிப் போட்ட பிறகும் டிரைவர் போகவில்லை.

நியாயமாகப் பார்த்தால் இது கோபோவின் குற்றமே இல்லை. சொல்லப்போனால் கண்டுபிடிக்க முடிந்ததே கோபோவால்தான். இண்டெக்ஸுக்குள் லிங்க் அல்லாத சாதாரணக் கோப்புகளை மட்டும் காட்டு என்று ஃபைண்ட் என்ற தேடல் கட்டளையிடம் கேட்டேன். சில கேச் கோப்புகளைத் தவிர மீதி எல்லாம் அந்த டிரைவருடையது. வேறு லினக்ஸில் இதே இன்ஸ்டாலரை ஓட்டியிருந்தால் ஆயிரக்கணக்கான கோப்புகளுக்கு நடுவே கரைந்து போயிருக்கும்.

ஆனாலும் எரிச்சல் போகவில்லை. வேறு லினக்ஸ் என்றால் அந்த இன்ஸ்டாலரைத் தொடவே வேண்டியிருந்திருக்காது, டிரைவர் பேக்கேஜாகவே கிடைத்திருக்கும். இங்கே 017ஆம் பதிப்பு வந்தது 2020இல். புதிதாக ஏதாவது வேண்டுமென்றால் பெரும்பாலும் நானே ரெசிபியை, அதாவது மென்பொருளைக் கட்டும் செய்முறைக் கோப்பை, திருத்தி, மூல நிரலிலிருந்து கம்பைல் செய்து, அது முடியும்வரை மின்விசிறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அலமாரி அவ்வளவு ஒழுங்கு, சரி. உள்ளே வைக்க வேண்டிய துணியை நானே நெய்ய வேண்டியிருக்கிறது.

அதனால் நண்பருக்குச் சொன்ன பதிலை மாற்றப்போவதில்லை: போடாதே. நான் எடுத்துவிடுவேனா என்றால், அதுவும் இல்லை. வேறொரு கணினியில் உட்கார்ந்தால் கை தானாக ப்ரோகிராம்ஸைத் தேடுகிறது. டிரைவர் கோப்புகளில் இன்னும் இரண்டு பாக்கி. எதற்கு என்றே தெரியவில்லை, அழிக்கப் பயமாக இருக்கிறது.