என் செவன் அயர்ன் 130 யார்டுதான்: மூன்று வருடம் அளந்து பார்த்த கதை

மூன்று வருடத்துக்கு முன்பு என்னிடம் யாராவது "செவன் அயர்ன் எவ்வளவு போகும்?" என்று கேட்டால் யோசிக்காமல் "150" என்பேன். (செவன் அயர்ன் என்பது கோல்ஃப் பந்தை அடிக்கும் கிளப்புகளில் ஒன்று. எண் குறையக் குறைய தூரம் கூடும். 150 என்பது யார்டில்.) வாரக்கடைசியில் கோல்ஃப் ஆடுகிற ஆண்களில் யாரைக் கேட்டாலும் ஏறக்குறைய இதே பதில்தான். சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் மழுப்புகிறவர்கள்கூட இதை மட்டும் பட்டென்று சொல்லிவிடுவார்கள், கொஞ்சம் கூட்டியே.

சென்னை நந்தனம் காஸ்மோ கோல்ஃப் மைதானத்தில் ஒரு காலை. குழியில் நட்டிருக்கும் கொடிக்கு 148 யார்டு. கேடியிடம் செவன் அயர்ன் கேட்டேன். (போலீஸ் பதிவேட்டில் இருக்கும் கேடி இல்லை. இவர் நம் பையைச் சுமந்து, தூரம் சொல்லி, முடிந்தவரை மானத்தையும் காப்பாற்றுகிறவர்.) அவர் ஃபைவ் அயர்னைப் பாதி உருவியபடி நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே, செவன்."

"சரிங்க சார்."

நன்றாகத்தான் பட்டது. சத்தம்கூட நன்றாக இருந்தது. பந்து உயர்ந்து போய், கிரீனுக்கு (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைக்கு) முன்னால் இருந்த பங்க்கர் மணலில் குத்திப் புதைந்தது. "எதிர்க்காத்து சார்" என்றார் அவர். ஒரு இலைகூட அசையவில்லை.

அந்த வாரமே ஒரு லேசர் ரேஞ்ச்ஃபைண்டரும் கையடக்கமான ரேடார் லான்ச் மானிட்டர் ஒன்றும் வாங்கினேன். கூடவே பையனின் பழைய கணக்கு நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டேன். எழுதாத பக்கம் நிறைய இருந்தது.

முதலில் லேசர். ஒற்றைக்கண் பைனாகுலர் மாதிரி இருக்கும். கொடியைக் குறிவைத்துப் பொத்தானை அழுத்தினால் தூரம் வரும். சென்னையில் இதற்கு ஒரு சிக்கல் உண்டு, எந்த விளம்பரத்திலும் சொல்ல மாட்டார்கள். ஏசி ஓடுகிற காரிலிருந்து நேராக எடுத்துப் போனால் லென்ஸ் முழுக்க வேர்த்துவிடும். முதல் இரண்டு ஹோலுக்கு வெறும் பனிமூட்டம்தான். இப்போதெல்லாம் போய்ச் சேர அரை மணி இருக்கும்போதே அதை டிக்கியில் இருக்கும் பைக்குள் போட்டுவிடுகிறேன். இன்னொன்று, கொடிக்குப் பின்னால் அடர்ந்த மரம் இருந்தால் அது சில சமயம் மரத்தை அளந்து சொல்லிவிடும். கொடி 140-இல் இருக்க, 165 என்று காட்டும். அதனால் மூன்று முறை அழுத்தி, வந்ததில் குறைந்த எண்ணை எடுத்துக்கொள்கிறேன். மேடு பள்ளத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் வசதியும் இருக்கிறது. போட்டியென்றால் அதை அணைத்துவிட வேண்டும். 2019-இல் வந்த விதிகள் தூரம் அளக்கும் கருவியை அனுமதித்தன. ஏற்ற இறக்கத்தையோ காற்றின் வேகத்தையோ அளக்க அனுமதிக்கவில்லை.

லேசர் கொடி எங்கே இருக்கிறது என்றுதான் சொல்லும். நான் எங்கே இருக்கிறேன் என்று சொன்னது ரேடார். பந்துக்கு இரண்டு மீட்டர் பின்னால் வைத்துவிட்டு அடித்தால் பந்தின் வேகம், கேரி எல்லாம் செல்போனில் வந்துவிடும். கேரி என்பது பந்து காற்றில் போய் முதலில் தரையைத் தொடுகிற தூரம். உருண்டு போவது அதில் சேராது. என் பழைய 150-இல் பாதி ரகசியம் இதில்தான் இருந்தது. மே மாதம் ஃபேர்வே, அதாவது கிரீன்வரை போகும் புல்பாதை, காய்ந்து சிமென்ட் தரையாகக் கிடக்கும். பையிலேயே அதிகத் தூரம் போகும் கிளப்பான டிரைவரில் என் அடி அப்போது முப்பது யார்டு உருளும், செவன் அயர்ன்கூடப் பன்னிரண்டு, பதினைந்து. ஐப்பசி அடைமழையில் பந்து விழுந்த இடத்திலேயே சேற்றில் உட்காரும். மனசு மே மாதத்தைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்கிறது. பங்க்கருக்கு இந்தப் பக்கம் விழுகிற பந்துக்கு மே மாதமும் உதவாது.

எப்படி அளந்தேன் என்றால், ஒரு கிளப்புக்குப் பத்துப் பந்து. மிகத் தூரம் போன இரண்டையும் மிகக் கேவலமான இரண்டையும் நீக்கிவிட்டு, மிச்சம் ஆறின் சராசரி. பயிற்சித் திடலில் தரும் ரேஞ்ச் பந்துகளைக் கொண்டு அளக்காதீர்கள். தேய்ந்து கிடக்கும் அந்தப் பந்துகள் நாம் ஆடுகிற பந்தைவிடக் குறைவாகவே போகும். அங்கே விரித்திருக்கும் பாய் மேல் வைத்து அடிப்பதும் ஏமாற்று வேலை. பந்துக்கு ஓரங்குலம் முன்பே தரையில் பட்டாலும் கிளப் பாயில் வழுக்கிப் போய்ப் பந்தை அடித்துவிடும். புல்லில் அதே அடி மண்ணைத்தான் பெயர்க்கும். என் பந்து ஒரு டஜனைப் பையில் போட்டுக்கொண்டு, கூட்டமில்லாத வெள்ளிக்கிழமைச் சாயங்காலங்களில் புல்லில் அடித்து அளந்தேன். அடித்தவற்றைப் பொறுக்கவும் நானேதான் போக வேண்டும். அதுவும் ஒரு நடைப்பயிற்சி.

நோட்டில் வந்த எண்கள் இவை. வயது 48, ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண், குறைந்தால் நல்லது) 18, டிரைவர் வீசும் வேகம் மணிக்கு 88 மைல் அளவில். டிரைவர் கேரி 195. ஃபைவ் வுட் 170. வுட்டுக்கும் அயர்னுக்கும் நடுவிலான ஃபோர் ஹைப்ரிட் 158. சிக்ஸ் அயர்ன் 140, செவன் 130, எய்ட் 119, நைன் 108, குறைந்த தூரத்துக்கான பிட்சிங் வெட்ஜ் 96, சாண்ட் வெட்ஜ் 68. டிரைவர் 230 போகும் என்று பத்து வருடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி, "யார்டுன்னா கஜம்தானே? அப்ப 195-ன்னா இருபத்தோரு மடிசார் புடவை. அவ்ளோ தூரம் போதாதா உங்களுக்கு?" என்றாள். அன்றிலிருந்து வீட்டில் என் கோல்ஃப் புடவைக் கணக்கில்தான் பேசப்படுகிறது.

ஆறுதலுக்காகப் பெரிய ஆட்டக்காரர்களின் எண்களைத் தேடினேன். அளவு ரேடார் செய்யும் டிராக்மேன் நிறுவனம் வெளியிட்டு, எல்லோரும் எடுத்துக்காட்டுகிற பழைய சராசரிப் பட்டியலில், அமெரிக்கத் தொழில்முறைத் தொடரான பிஜிஏ டூர் ஆண்களின் கேரி டிரைவருக்கு 275, செவன் அயர்னுக்கு 172, பிட்சிங் வெட்ஜுக்கு 136. பிற்பாடு வந்த பட்டியலில் இன்னும் சில யார்டு கூடியிருக்கிறது. அதேபோன்ற பெண்கள் தொடரான எல்பிஜிஏவில் டிரைவர் 218, செவன் 141, வெட்ஜ் 107. ஞாயிற்றுக்கிழமை டிவியில் ஆண்கள் போட்டியைப் பார்த்துவிட்டு, "அவன் 172 அடிச்சா நான் 150 அடிக்க மாட்டேனா" என்று நினைக்கிறோமே, தவறு அங்கேதான் தொடங்குகிறது. உலகின் தலைசிறந்த பெண்களே சராசரியாக 141 அடிக்கிறார்கள். வாரம் ஒரு முறை ஆடுகிற எனக்கு 150 எங்கிருந்து வரும்?

இதில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறு ஒரு எண். எல்பிஜிஏ ஆட்டக்காரர் டிரைவரை வீசும் சராசரி வேகம் மணிக்கு 94 மைல். அதே டிராக்மேன் கணக்கில் ஹேண்டிகேப் பதினான்கு, பதினைந்தில் இருக்கும் சாதாரண ஆணின் வேகமும் 93 மைலுக்கு மேல்தான். வேகம் ஏறக்குறைய ஒன்று. ஆனால் அந்த ஆணின் பந்து உருண்டு நின்ற பிறகும் மொத்தமே 214. பெண்களுடையது உருளாமலேயே 218. அவர்கள் கிளப் முகத்தின் நடுவில் அடிக்கிறார்கள், அதுவும் கிளப் மேல்நோக்கி ஏறத் தொடங்கும்போது பந்தைத் தொடுகிறார்கள். நம்மில் பலர் விறகு பிளக்கிற மாதிரி மேலிருந்து கீழே போடுகிறோம். டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் நாட்டு அதிதி அசோக் நான்காவது இடம் வந்தது நினைவிருக்கலாம். டிரைவர் தூரத்தில் அந்தக் களத்திலேயே கடைசி வரிசை அவர். மற்றவர்கள் அயர்ன் எடுக்கும் இடத்தில் ஹைப்ரிட் எடுத்து, பந்தைக் கிரீனில் நிறுத்தி, குழிக்குள் உருட்டும் கிளப்பான பட்டரில் கணக்கை முடித்தார். தன் கிளப் எவ்வளவு போகும் என்று தெரிந்தவரின் ஆட்டம் அது.

நடுவில் பணத்தைத் தொலைத்த கதையும் உண்டு. இரண்டாம் வருடம் புது அயர்ன் செட் பார்க்க ஒரு கடைக்குப் போனேன். உள்ளே திரை கட்டிய சிமுலேட்டர். செவன் அயர்னை எடுத்து அடித்தேன், 158 என்று காட்டியது. கைகால் புரியவில்லை. அன்றே வாங்கிவிட்டேன். மைதானத்தில் அது 138-தான் போனது. பிறகு இன்னொரு நாள் அங்கே போனபோது அமைப்புகளைக் காட்டச் சொல்லிப் பார்த்தேன். தரை 'கெட்டி' என்று போட்டிருந்தது, இடம் கடல்மட்டத்திலிருந்து நாலாயிரம் அடி உயரம் என்று இருந்தது. திரையில் கொட்டை எழுத்தில் வந்ததும் உருண்டதையும் சேர்த்த மொத்தத் தூரம். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "டீஃபால்ட் சார்" என்றார்.

என் பழையதைவிட எட்டு யார்டு கூடப் போனது உண்மைதான். அதுவும் என் திறமை இல்லை. கிளப் முகம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதுதான் லாஃப்ட். என் பழைய செவனின் லாஃப்ட் 34 டிகிரி, புதியது 29. அதாவது ஒரு சிக்ஸ் அயர்னின் அடியில் 7 என்று பொறித்துக் கொடுத்திருக்கிறார்கள். இப்போது வரும் பல செட்டுகள் இப்படித்தான். எண் ஒன்றுதான், கிளப் வேறு. அதனால் நீயும் நானும் செவன் அயர்ன் தூரத்தை ஒப்பிட்டுக்கொள்வதில் பொருளே இல்லை.

வினை பையின் இரண்டு முனையிலும் வந்தது. புது செட்டின் பிட்சிங் வெட்ஜ் 43 டிகிரி, 108 யார்டு. என் சாண்ட் வெட்ஜ் 56 டிகிரி, 68 யார்டு. இடையில் நாற்பது யார்டு பாலைவனம். 90-இல் கொடி இருந்தால் என்ன செய்வது? பிட்சிங் வெட்ஜைப் பாதி வேகத்தில் வீசினால், அது என்றைக்கும் சொன்னபடி கேட்காது. கடைசியில் 50 டிகிரி வெட்ஜ் ஒன்று தனியாக வாங்கினேன், 88 போகிறது. அந்தப் பக்கம் ஃபோர் அயர்னும் ஃபைவ் அயர்னும் ஒரே தூரம், இரண்டுமே 152. இவ்வளவு சாய்வு குறைந்த முகத்தை வைத்துக்கொண்டு பந்தை உயர எழுப்ப என் வேகம் போதாது. எழும்பாத பந்துக்குத் தூரமும் இல்லை, விழுந்த இடத்தில் நிற்கவும் செய்யாது. ஃபோர் அயர்ன் இப்போது பரணில் இருக்கிறது. பையில் 14 கிளப்தான் வைக்கலாம் என்பது விதி. ஒரே தூரம் போகும் இரண்டைச் சுமப்பது வீண். அடுத்தடுத்த கிளப்புக்கு நடுவே பத்து, பன்னிரண்டு யார்டு இடைவெளி சீராக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். செவன் எவ்வளவு போகிறது என்பதைவிட இதுதான் ஸ்கோரைக் குறைத்தது.

கடைசியில் அந்த செட்டையே விற்றுவிட்டுப் பழையதற்குத் திரும்பினேன். நஷ்டம் எவ்வளவு என்று வீட்டில் சொல்லவில்லை.

காற்று பற்றிக் கொஞ்சம். புழுக்கமான காலையில், "இன்னிக்குக் காத்து கனமா இருக்கு, ஒரு கிளப் கூட எடு" என்று சொல்லும் சீனியர் எல்லா மைதானத்திலும் ஒருவர் இருப்பார். உண்மை நேரெதிர். நீராவியின் எடை நைட்ரஜன், ஆக்சிஜனைவிடக் குறைவு, அதனால் ஈரக்காற்று துளி லேசானது. பந்தின் தூரத்தில் அதனால் வரும் வித்தியாசம் அளக்கத் தகுந்ததே இல்லை. குறைவது வேர்வையில் பிடி வழுக்குவதால். கடற்காற்று அப்படி விளையாட்டில்லை. பதினோரு மணிக்கு மேல் கிழக்கிலிருந்து அது ஏறினால், எதிர்க்காற்று மணிக்குப் பத்து மைலுக்குத் தூரத்தில் பத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். பின்காற்று கொடுப்பதோ அதில் பாதிதான். எடுப்பது அதிகம், கொடுப்பது கம்மி.

ஊட்டிக்குப் போனபோது இதற்கெல்லாம் பரீட்சை. கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல். அடர்த்தி குறைந்த காற்றில் பந்து எட்டு சதவீதம்வரை கூடப் போக வேண்டும். அந்தக் குளிரில் ஓரிரு சதவீதம் திரும்பிப் போய்விடும். நோட்டில் கணக்குப் போட்டு செவனுக்கு 138 என்று எழுதி வைத்திருந்தேன். ஆனாலும் முதல் ஹோலில் சென்னைப் பழக்கத்தில் 130-க்கு செவனை எடுத்தேன். கிரீனைத் தாண்டி, மஞ்சள் பூ பூத்த முட்புதருக்குள் போனது. அந்தப் புதரில் கையை விட்டவர்கள் இரண்டாம் முறை விடமாட்டார்கள். பந்து அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இரண்டாம் ஹோலிலிருந்து நோட்டைப் பார்த்தே எடுத்தேன், பிழைத்தது.

மூன்று வருட முடிவில் ஹேண்டிகேப் 18-லிருந்து 14. ஒரு யார்டுகூடக் கூடுதலாக அடிக்கவில்லை. ஒரு மழைக்காலம் முழுக்கக் கிரீனை நோக்கி அடித்த அடிகளைக் குறித்து வைத்தேன். தவறியவற்றில் முக்கால்வாசி கிரீனுக்கு எட்டாமல் விழுந்தவை. பங்க்கரும் தண்ணீரும் பெரும்பாலும் முன்னால்தானே இருக்கின்றன. இப்போது ஒரு கிளப் பெரியதாக, அதாவது இன்னும் தூரம் போவதாக, எடுத்து நிதானமாக வீசுகிறேன், அவ்வளவுதான். கேடி அண்ணனும் ஃபைவ் அயர்னைப் பாதி உருவி நிற்பதில்லை, நான் கேட்பதற்கு முன்பே முழுதாக நீட்டிவிடுகிறார்.

வாங்குவதென்றால் லேசர் வாங்குங்கள், பேட்டரி வருடத்துக்கு ஒன்று மாற்றினால் போதும், இன்றுவரை கைவிட்டதில்லை. ரேடார் இரண்டு மாதம் யாரிடமாவது இரவல் வாங்கினாலே போதும். எண்கள் தெரிந்த பிறகு அதற்கு வேலை கிடையாது. போதாததற்கு மே மாத வெயிலில் செல்போன் சூடேறி அணைந்துபோய்விடும், பாதிப் பட்டியல் போச்சு.

அதனால் போன மாதம் என்னுடையதை ஒரு நண்பருக்கு இரவல் கொடுத்தேன். பதினைந்து வருடமாக செவன் அயர்ன் 160 என்று சொல்லி வருகிறவர். அன்று இரவே போன்.

"டேய், இது ரிப்பேரா?"

"ஏன்டா?"

"128-னு காட்டுது."