கையொப்ப டோக்கனுக்கு எந்த வழி: சிஎன்ஜியா, பிகேசிஎஸ் 11-ஆ?

டிஜிட்டல் கையொப்ப டோக்கனை (கையொப்பச் சாவியை உள்ளே வைத்திருக்கும் சிறு யுஎஸ்பி கருவி) நம் மென்பொருளோடு இணைக்க விண்டோஸில் முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு: சிஎன்ஜி, பிகேசிஎஸ் 11. இரண்டிலும் தனிச்சாவி, அதாவது கையொப்பமிடும் ரகசியச் சாவி, டோக்கனைவிட்டு வெளியே வராது. கையொப்பம் மட்டுமே வரும்.

சிஎன்ஜி (CNG) விண்டோஸின் சொந்தக் குறியாக்க இடைமுகம், விண்டோஸ் விஸ்டாவோடு வந்தது. டோக்கனின் டிரைவர் சரியாக இருந்தால், சான்றிதழ் விண்டோஸின் பட்டியலிலேயே தெரியும். பின் எண் கேட்கும் பெட்டியையும் விண்டோஸே காட்டிவிடும். வேலை சுலபம்தான், ஆனால் லினக்ஸுக்கு மாற நினைத்தால் அந்தப் பகுதியைப் புதிதாக எழுத வேண்டும்.

பிகேசிஎஸ் 11 (PKCS #11) டோக்கன்களோடு பேசுவதற்கான பொதுவான தரநிலை, விண்டோஸுக்கு மட்டுமானதல்ல. ஆர்எஸ்ஏ நிறுவனம் 1990-களில் உருவாக்கியது. இப்போது தரநிலைகளை வகுக்கும் ஓயாசிஸ் அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது. டோக்கன் தயாரிப்பாளர் தரும் லைப்ரரி கோப்பை ஏற்றி, செஷன் திறந்து, பின் எண் கொடுத்து, சாவியைத் தேடி, அப்புறம்தான் கையொப்பம். ஜாவா 5 முதல் இதற்கான ஆதரவு உள்ளேயே இருக்கிறது.

பலர் இடறுவது ஹாஷில்தான், அதாவது ஆவணத்திலிருந்து கணக்கிட்டுக் கையொப்பத்துக்குக் கொடுக்கும் சிறு சுருக்கத்தில். சாதாரண ஆர்எஸ்ஏ கையொப்ப முறையை (CKM_RSA_PKCS) தேர்ந்தெடுத்தால், பிகேசிஎஸ் 11-இல் ஷா-256 ஹாஷின் 32 பைட்டுகளை மட்டும் கொடுக்கக் கூடாது. அது எந்த ஹாஷ் என்று சொல்லும் முன்னொட்டையும் நாமே சேர்க்க வேண்டும். விட்டுவிட்டால் பிழை எதுவும் வராமல் கையொப்பம் கிடைக்கும், சரிபார்ப்பில் மட்டும் தோற்கும். சிஎன்ஜியில் ஹாஷின் பெயரைச் சொன்னால் போதும், முன்னொட்டை அதுவே சேர்த்துக்கொள்ளும்.

ஒரே அலுவலகம், எல்லாம் விண்டோஸ் என்றால் சிஎன்ஜி போதும். சர்வரில் நூற்றுக்கணக்கான பில்களுக்குக் கையொப்பமிட வேண்டுமென்றால் நான் பிகேசிஎஸ் 11-ஐத்தான் எடுப்பேன். பின் எண்ணைத் தவறாகக் கொடுத்துத் திரும்பத் திரும்ப முயலும்படி மட்டும் எழுதிவிடாதீர்கள், டோக்கன் பூட்டிக்கொள்ளும்.