எல்இடி மினுக்குவதை நம்பி ஐந்து போர்டு வாங்கி ஏமாந்த கதை

பார்சலைப் பிரித்து கேபிளைச் செருகியதும் ஐந்து மைக்ரோகன்ட்ரோலர் (ஒரே சிப்பில் அடங்கிய குட்டிக் கணினி) போர்டிலும் எல்இடி அழகாக மினுக்கியது. என்னிடம் கற்கும் ஐந்து ஜூனியர்களும் கை தட்டினார்கள், நானும்தான். அந்த மினுக்கல் தொழிற்சாலையிலேயே ஏற்றி அனுப்பிய ஒரு குட்டி நிரல். மேலே இருக்கும் சிப் யாருடையது, உள்ளே நினைவகம் எவ்வளவு என்பதையெல்லாம் அது சொல்லவே சொல்லாது. இது மண்டையில் ஏற எனக்கு மூன்று வாரம் ஆனது. அதற்குள் ஒரு பையனை அநியாயமாகத் திட்டியும் விட்டேன்.

வாரக் கடைசிகளில் சிலருக்கு மைக்ரோகன்ட்ரோலர் சொல்லிக்கொடுக்கிறேன். பாடத்துக்கு எடுத்துக்கொண்டது ‘ப்ளூ பில்’ என்று எல்லோரும் சொல்லும் நீல நிறச் சின்ன போர்டு. அதில் இருக்க வேண்டிய சிப் எஸ்டி நிறுவனத்தின் எஸ்டிஎம்32 எஃப்103 சி8. 72 மெகாஹெர்ட்ஸ் வேகம், 64 கேபி ஃப்ளாஷ் (நிரல் தங்கும் நினைவகம்), 20 கேபி ராம் (நிரல் ஓடும்போது பயன்படும் நினைவகம்). இணையத்தில் விற்கும் ஒரு கடையில் முதலில் எனக்காக ஒன்று வாங்கிப் பல மாதம் பயன்படுத்தினேன். எந்தக் குறையும் இல்லை. அந்த நம்பிக்கையில் அதே கடையில், அதே பக்கத்தில், ‘ஒரிஜினல் சிப், ப்ரோக்ராமருடன், செட்டப் உதவி இலவசம்’ என்று போட்டிருந்த கிட்டை ஐந்து பேருக்கும் சேர்த்து ஆர்டர் செய்தேன். ப்ரோக்ராமர் என்பது சிப்பில் நிரல் ஏற்றும் கருவி. மாதிரிக்கு ஒன்று நல்லதாகக் கொடுத்துவிட்டு மூட்டையில் கல்லைக் கலப்பது எந்த வியாபாரத்திலும் உள்ளதுதானே. மின்னணுச் சாமானில் மட்டும் அது நடக்காது என்று ஏன் நினைத்தேனோ தெரியவில்லை.

அவரவர் போர்டை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அன்று இரவே போன் வர ஆரம்பித்தது. “அண்ணா, கனெக்ட் ஆகவே மாட்டேங்குது.”

வழக்கமான சந்தேகங்களை வரிசையாகத் தீர்த்தேன். சார்ஜ் மட்டும் செய்யும் கேபிளா? இல்லை. சிப் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று சொல்லும் பூட்0 ஜம்பர் 0 பக்கம் இருக்கிறதா? இருக்கிறது. ப்ரோக்ராமரின் நான்கு வயரும் இடம் மாறாமல் இருக்கிறதா? படம் எடுத்து அனுப்பினார்கள், சரியாகத்தான் இருந்தது. மூன்று பேருக்கு, சிப்போடு பேசும் மென்பொருளான ஓப்பன்ஓசிடி ‘எதிர்பாராத அடையாள எண்’ என்று சொல்லி நின்றுவிட்டது. மற்ற இருவருக்கு நிரல் ஏறியது, ஆனால் ஓடவில்லை. எல்இடியை மினுக்கவைக்கும் நான்கு வரி நிரல்கூட ஓடவில்லை. அந்த இருவரில் ஒருவனிடம்தான், “நான் சொன்னதை அப்படியே செய்யாம நீயா எதையோ மாத்தியிருக்கே” என்று கடிந்துகொண்டேன். அவன் மறுபேச்சு பேசவில்லை. ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவியிருக்கிறான்.

கற்றுக்கொள்பவன் எப்போதும் தப்பு தன்னுடையது என்றுதான் நினைப்பான். போலி சிப் விற்பவனுக்கு அதைவிடப் பெரிய பாதுகாப்பு ஏது? டிரைவர், கேபிள், மென்பொருள், எழுதிய நிரல் என்று பழி போட இத்தனை இடம் இருக்கும்போது சிப்பைச் சந்தேகிப்பது கடைசியில்தான். அந்தக் கடைசி வருவதற்குள் பொருளைத் திருப்பி அனுப்பும் காலக்கெடு முடிந்துவிடும்.

அடுத்து அந்த ‘இலவச செட்டப் உதவி’. நான்கு நாள் கழித்து பதில் வந்தது. “சார், உங்க விண்டோஸ் டிரைவர் பழசு. நாங்க அனுப்புற ஜிப்பை இன்ஸ்டால் பண்ணுங்க. ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிடுங்க.” ஆன்டிவைரஸை அணைக்கச் சொன்னதிலேயே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். ஒரு பழைய கணினியில் அந்த ஜிப்பைப் போட்டுப் பார்த்தேன். அதிசயம், இணைந்தது! ‘ரொம்ப நன்றி’ என்று பதில்கூட அனுப்பினேன். இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அந்த ஜிப்புக்குள் டிரைவரே இல்லை. ஓப்பன்ஓசிடியின் அமைவுக் கோப்பு ஒன்றை எடுத்து, அதில் ஒரே ஓர் எழுத்தை மாற்றி வைத்திருந்தார்கள். எஃப்103 சிப்பிடம் டிபக் (பிழை தேடும்) இணைப்பு வழியாக ‘நீ யார்’ என்று கேட்டால் எட்டு இலக்க எண் ஒன்றைச் சொல்லும். அசல் சிப் சொல்லும் எண் 1-இல் தொடங்கும். நகல்களில் பல 2-இல் தொடங்குவதைச் சொல்லும், மீதி ஏழும் அச்சு அசலாக அதே எண். அமைவுக் கோப்பில் 1 என்று இருந்த இடத்தில் 2 என்று போட்டால் மென்பொருள் வாயை மூடிக்கொள்ளும். அந்தக் கோப்பைத் தயாராக வைத்திருந்த கடைக்கு, தான் விற்பது அசல் இல்லை என்று நன்றாகவே தெரியும். உதவி என்ற பெயரில் வாக்குமூலத்தையே எழுதி அனுப்பியிருக்கிறார்கள்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் யாராவது நல்ல போர்டைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். 2-இல் தொடங்கும் அதே எண், எஸ்டியின் இன்னொரு வரிசையான எஃப்4 குடும்பச் சிப்புகளில் நியாயமாகவே வரும். எஃப்103 என்று சொல்லி விற்ற சிப்பில் வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

மூன்று போர்டின் கதை இது. நகல் சிப் என்றாலும் பெரும்பாலான வேலைகளைச் செய்துவிடும், ஓரங்களில்தான் காலை வாரும். என் பாடங்களில் பாதி ஓடின. அப்புறம் ஒரு பையன், நிரல் எழுத எஸ்டி தரும் க்யூப்ஐடிஇ மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றினான். இது எஸ்டி நிறுவனத்தின் சிப்தானா என்று உறுதிசெய்ய முடியவில்லை என்று சொல்லி அது இணைப்பையே துண்டித்துவிட்டது. நேற்றுவரை ஓடியது இன்று ஓடவில்லை என்றால் அப்டேட்டைத்தான் எல்லோரும் திட்டுவோம். இப்படி முன்பும் நடந்திருக்கிறது. 2014-இல் எஃப்டிடிஐ நிறுவனத்தின் விண்டோஸ் டிரைவர், போலி யூஎஸ்பி-சீரியல் சிப்புகளின் அடையாள எண்ணைச் சுழியமாக்கி முடக்கிப்போட்டது. அப்போதும் அடிபட்டது தெரியாமல் வாங்கியவர்கள்தான், விற்றவர்கள் இல்லை.

மற்ற இரண்டு போர்டுகள் இன்னும் மோசம், ஆனால் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தவை அவைதான். அவற்றில் அடையாள எண் சரியாக 1-இல்தான் தொடங்கியது. சிப்பின் தலையில் சி8 என்றே பொறித்திருந்தது. நிரல் ஏறும், ரீசெட் அழுத்தினால் மௌனம். கடைசியில் என் பழைய போர்டையும் அதில் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே கேபிள், ஒரே ப்ரோக்ராமர், ஒரே கணினியில் ஒன்றன்பின் ஒன்றாக இணைத்துப் பார்த்தேன். முதல் வாரமே செய்திருக்க வேண்டிய வேலை. ஃப்ளாஷ் அளவு என்று ஒரு வரி வருமே, பழையதில் 64, புதியதில் 32.

அதாவது சி6 என்ற தம்பி சிப்புக்கு அண்ணன் பெயரைப் பொறித்திருக்கிறார்கள். அதில் 32 கேபி ஃப்ளாஷ், 10 கேபி ராம். சரி, சின்ன நிரல் ஓட வேண்டாமா என்று கேட்பீர்கள். ஓடாது. சி8-க்காகத் தொகுத்த நிரல், தன் தற்காலிகக் குறிப்புகளை வைக்கும் ஸ்டாக்கை 20 கேபி ராமின் உச்சியிலிருந்து கீழே இறக்கும். 10 கேபிதான் இருக்கிற சிப்பில் அந்த உச்சி வெறும் ஆகாயம். எழுத முயலும் முதல் நொடியிலேயே ஹார்ட் ஃபால்ட் என்ற பிழையில் விழுந்து நின்றுவிடும். நினைவக அளவைக் குறிக்கும் லிங்கர் ஸ்கிரிப்ட் கோப்பில் 20-ஐ 10 என்றும் 64-ஐ 32 என்றும் மாற்றியதும் எல்இடி மினுக்கியது. நான் திட்டிய பையன் எதையும் மாற்றவில்லை. மாற்றாததுதான் சிக்கலே.

ப்ரோக்ராமர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். விரல் அளவுக்கு, உலோக உறை போட்டது, எஸ்டியின் ப்ரோக்ராமரான எஸ்டி-லிங்க்கின் நகல். உறையின் மேல் பின்களின் வரிசை அச்சிட்டிருக்கும். ஐந்தில் ஒன்றில் அந்த அச்சும் உள்ளே இருந்த போர்டும் ஒத்துப்போகவில்லை. உறைக்கு ஓர் ஆலை, உள்ளிருப்பதற்கு வேறோர் ஆலை போல. 3.3 வோல்ட் என்று எழுதிய பின்னில் 5 வோல்ட் வந்தது. இந்தச் சிப் தாங்கும் உச்ச வரம்பே 4 வோல்ட்தான். அதில் இணைத்த போர்டின் சிப் விரல் வைக்க முடியாத அளவு சுட்டது, அத்தோடு போய்விட்டது. உறையைக் கழற்றி உள்ளே என்ன அச்சிட்டிருக்கிறது என்று பாருங்கள், அல்லது எதையும் இணைக்கும் முன் மல்டிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். பத்து வினாடி வேலை, நான் செய்யவில்லை.

யூஎஸ்பி பாடத்தில் வந்த தொல்லை மட்டும் இந்தக் கடையின் தவறு என்று சொல்ல மாட்டேன். போர்டைக் கணினி கண்டுகொள்வதற்காக 1.5 கிலோ ஓம் இருக்க வேண்டிய ஆர்10 ரெசிஸ்டர் இந்த வகை போர்டு பலவற்றில் 10 கிலோ ஓம்தான். ஏ12 பின்னுக்கும் 3.3 வோல்ட்டுக்கும் நடுவில் 1.8 கிலோ ஓம் ஒன்றைச் சோல்டர் செய்தால், இரண்டும் இணையாகச் சேர்ந்து கிட்டத்தட்ட 1.5 வந்துவிடும். என்னுடைய பழைய, அசல் சிப் போர்டிலும் இதே குறை உண்டு.

எல்லாவற்றையும் எழுதி, படங்களோடு கடைக்கு அனுப்பினேன். பதில் என்ன தெரியுமா? “ஒரு போர்டை நீங்களே எரிச்சிருக்கீங்க சார். சரியா பயன்படுத்தத் தெரியாம எல்லா போர்டையும் கெடுத்துட்டு எங்களைச் சொல்றீங்க.” நேர்மையாக எரிந்த போர்டின் படத்தையும் சேர்த்து அனுப்பியதற்குக் கிடைத்த பரிசு. மேலும், நிரல் ஏற்றிய போர்டு ‘பயன்படுத்திய பொருள்’ ஆகிவிடுமாம், திருப்பி எடுக்க மாட்டார்களாம். நிரல் ஏற்றிப் பார்க்காமல் ஒரு டெவலப்மென்ட் போர்டை எப்படிச் சோதிப்பது, தாயத்து மாதிரி கழுத்தில் கட்டிக்கொண்டா?

அதற்குப் பிறகு கடையோடு பேசுவதை விட்டுவிட்டு, அவர்கள் விற்ற தளத்திடம் முறையிட்டேன். வாதம் செய்யவில்லை. வெட்டு ஒட்டு இல்லாத ஒரே வீடியோ: பழைய போர்டு, அதன் எண், கேபிளைக் கழற்றி அடுத்த போர்டு, அதன் எண், இப்படி வரிசையாக. கூடவே கடை அனுப்பிய ஜிப்பும், அதில் அவர்கள் மாற்றிய அந்த ஓர் எழுத்தும், விற்பனைப் பக்கத்தில் ‘ஒரிஜினல்’ என்று இருந்ததை ஆர்டர் செய்த அன்று நான் எடுத்து வைத்திருந்த ஸ்கிரீன்ஷாட்டும். அந்த ஸ்கிரீன்ஷாட் இல்லாவிட்டால் ஒன்றும் நடந்திருக்காது, ஏனென்றால் பக்கத்தில் இப்போது ‘ஒரிஜினல்’ போய் ‘இணக்கமானது’ வந்துவிட்டது. நான்கு போர்டுக்குப் பணம் திரும்பியது. எரிந்த ஒன்றுக்கும் ப்ரோக்ராமர்களுக்கும் இல்லை. நான் எழுதிய விமர்சனமும் எங்கே போனதென்று தெரியவில்லை.

சொந்தப் பெயரைப் போட்டு, சொந்த டேட்டாஷீட்டோடு விற்கும் இணக்கச் சிப்புகள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. தெரிந்து வாங்கினால் அவை நல்ல பொருளாகவே இருக்கலாம். அடுத்தவன் பெயரைப் பொறித்து விற்பதும், கேட்டால் ‘உனக்குத் தெரியவில்லை’ என்பதும்தான் எரிச்சல்.

நீங்கள் வாங்குவதாக இருந்தால், பார்சல் வந்த அன்றே, கடையின் ஜிப் எதையும் தொடாமல், ஓப்பன்ஓசிடியை அதன் மூலத் தளத்திலிருந்து இறக்கி ஒவ்வொரு போர்டையும் இணைத்து அடையாள எண்ணையும் ஃப்ளாஷ் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதும் அப்படித்தான் என்று விடாதீர்கள், எனக்கு ஒரே பார்சலில் இரண்டு வகைப் போலி வந்தது. சிப்பின் மேல் இருக்கும் பொறிப்பைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். லேசர் யாரிடமும் இருக்கிறது.

நாங்கள் கொஞ்சம் கூடுதலாகச் செலவழித்து, சிப் தயாரிப்பாளரே வெளியிடும், 128 கேபி ஃப்ளாஷ் உள்ள நியூக்ளியோ எஃப்103 ஆர்பி போர்டுக்கு மாறிவிட்டோம். ப்ரோக்ராமர் அதே போர்டில் இருக்கிறது, தனி வயர் கிடையாது, கணினியில் பென் டிரைவ் போலத் தெரியும், நிரல் கோப்பை இழுத்துப் போட்டால் போதும். பழைய பாடத்தில் பின் எண்களை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது.

நான் திட்டிய பையனிடம் மன்னிப்பு கேட்டேன். “பரவால்லண்ணா” என்றான், ஆனால் முகத்தைப் பார்த்தால் முழுதாகப் பரவாயில்லை போலத் தெரியவில்லை. புது போர்டு வந்ததும் உறையைப் பிரித்தவன், எல்இடி மினுக்குவதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக டெர்மினலைத் திறந்தான்.

“ஒன்னுலதான் தொடங்குது அண்ணா. ஃப்ளாஷ் 128.”

அப்புறம்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.