டேட்டா வேணும்னு சொல்லியும் ஃபார்மட் அடித்துவிட்டு, அதற்கே ரெக்கவரி காசும் வாங்கினார்கள்

மதுரையில் எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கும் என் மாமாவுக்கு நடந்தது இது. சர்வீஸ் கடையின் பெயரைப் போடவில்லை, புகார் போய்க்கொண்டிருக்கிறது. ஆனால் உங்கள் கம்ப்யூட்டரை எந்தக் கடையில் கொடுப்பதாக இருந்தாலும் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்.

கரண்ட் விட்டுவிட்டு வந்த ஒரு நாளுக்கு அப்புறம் மாமாவின் டெஸ்க்டாப் விண்டோஸுக்குள்ளேயே போகவில்லை. 'ஆட்டோமேட்டிக் ரிப்பேர்' என்று வரும், கொஞ்ச நேரம் சுற்றும், தானாக ரீஸ்டார்ட் ஆகும், மறுபடி அதே திரை. உள்ளே இருந்தது டேலி என்ற கணக்கு மென்பொருளில் போட்டு வைத்த கடைக் கணக்கு முழுவதும். விற்பனை, கொள்முதல், அதைவிட முக்கியமாக ஒயரிங் காண்ட்ராக்டர்களும் எலக்ட்ரீஷியன்களும் வைத்திருக்கும் கடன் பாக்கி. மாமா தெளிவாகச் சொல்லித்தான் கொடுத்திருக்கிறார்: "மெஷின் ஓடாட்டியும் பரவாயில்லை தம்பி, டேலி டேட்டா மட்டும் எனக்கு வேணும்." "சரிண்ணே, பார்த்துக்கலாம்" என்று வாங்கி வைத்திருக்கிறார்கள்.

திரும்பி வந்த மெஷினில் பளிச்சென்று புது விண்டோஸ், டேலியே இல்லை. கேட்டால், "ஹார்ட் டிஸ்க் வரும்போதே போயிடுச்சுண்ணே, டேட்டாவை லேபுக்கு அனுப்பித்தான் எடுக்கணும், 9,000 ஆகும்." வருஷக் கணக்கு போய்விடுமே என்ற பயத்தில் மாமா அங்கேயே நின்று ஜிபேயில் பணத்தை அனுப்பிவிட்டார்.

எனக்குத் தகவல் வந்தது அதற்கப்புறம்தான். மெஷினைத் திறந்து பார்த்தால் புது விண்டோஸ் ஓடுவது அதே பழைய ஹார்ட் டிஸ்க்கில்! கமாண்ட் ப்ராம்ப்ட்டில் 'சிஸ்டம்இன்ஃபோ' என்று அடித்தால் விண்டோஸ் என்றைக்குப் போடப்பட்டது என்று காட்டும். மெஷின் அவர்கள் கடையில் இருந்த தேதி அது. டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போட்டுப் பார்த்தேன், டிஸ்க் 'குட்', கெட்டுப்போன செக்டர் ஒன்றுகூட இல்லை. டேட்டாவே படிக்க முடியாத அளவுக்குச் செத்துப்போன டிஸ்க்கில் எப்படி விண்டோஸ் ஏற்றினார்கள், அது எப்படி இன்றும் ஓடுகிறது? வந்தபோது டிஸ்க் நன்றாகத்தான் இருந்திருக்கிறது, அழித்தது அவர்கள்.

'லேபில் எடுத்தது' என்று ஒரு பென் டிரைவ் கொடுத்தார்கள். அதற்குள் 'ரெகப் டிர் 1', 'ரெகப் டிர் 2' என்று ஃபோல்டர்கள், கோப்புகளுக்கு எஃப் என்ற எழுத்தும் நீளமான எண்ணும்தான் பெயர். அழிந்த கோப்புகளை மீட்கும் ஃபோட்டோரெக்கை உபயோகித்தவர்களுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிடும், அந்த மென்பொருள் இப்படித்தான் பெயர் வைக்கும். யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். நல்ல மென்பொருள்தான், மெமரி கார்டில் அழிந்த படங்களை எடுக்க நானே உபயோகித்திருக்கிறேன். ஆனால் அது ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்திலும் இருக்கும் அடையாளத்தை வைத்துத் தேடி எடுப்பதால் பழைய பெயரும் ஃபோல்டரும் திரும்பி வராது. டேலியோ ஒவ்வொரு கம்பெனிக்கும் எண் போட்ட ஒரு ஃபோல்டர் வைத்து, அதற்குள் ஒன்றோடொன்று சேர்ந்து இயங்கும் பல கோப்புகளாகக் கணக்கை வைக்கும். அது கலைந்தால் டேலியால் திறக்க முடியாது. பென் டிரைவில் இருந்ததெல்லாம் விண்டோஸின் ஐகான்களும் பழைய பிரவுசர் படங்களும்தான்.

எனக்கு ஆத்திரம் எதில் என்றால், முதல் நாளே இது சுலபமாக முடிந்திருக்கும். விண்டோஸ் கிளம்பவில்லை என்றால் பெரும்பாலும் விண்டோஸின் கோப்புகள்தான் கெட்டிருக்கும், மற்றதெல்லாம் டிஸ்க்கில் அப்படியே இருக்கும். டிஸ்க்கைக் கழற்றி சாட்டா–யூஎஸ்பி கேபிளில் வேறு கம்ப்யூட்டரில் மாட்டிக் காப்பி எடுக்கலாம். இல்லாவிட்டால் விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் உபுண்டு என்ற இலவச சிஸ்டம் போட்ட பென் டிரைவில் கிளப்பி, இன்ஸ்டால் செய்யாமல் 'ட்ரை' மட்டும் கொடுத்து எடுக்கலாம். டெஸ்க்டாப்பையும் டாக்குமென்ட்ஸையும் மட்டும் எடுத்தால் போதாது, டேலி வேறு இடத்தில் வைத்திருக்கும். விண்டோஸ் 11 மெஷின்களில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் 48 இலக்கச் சாவி கேட்கலாம், அதை உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பாருங்கள். சாவி இல்லாமல் எந்தக் கடையாலும் எடுக்க முடியாது, முடியும் என்று சொல்பவரிடம் கொடுக்காதீர்கள்.

ஹார்ட் டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் மட்டும் கதை வேறு. உடனே அணைத்துவிடுங்கள். உள்ளே சுழலும் தட்டைப் படிக்கும் ஹெட் கெட்டிருந்தால் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தட்டில் கீறல் விழலாம். அதற்கு உண்மையிலேயே கிளீன் ரூம் (தூசி புகாத அறை) உள்ள லேப் வேண்டும். எஸ்எஸ்டி என்றால் இன்னும் மோசம், ஃபார்மட் ஆகிவிட்டால் ட்ரிம் என்ற வசதி பழைய டேட்டாவை நிஜமாகவே துடைத்துவிடும், அநேகமாக மீட்க முடியாது.

அதனால் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். 'ஃபார்மட் செய்யக் கூடாது, டேட்டா வேண்டும்' என்று ஜாப் ஸ்லிப்பில் எழுத வைத்து, ஹார்ட் டிஸ்க்கின் சீரியல் நம்பரோடு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எழுத மறுத்தால் வேறு கடைக்குப் போங்கள். ஏற்கெனவே அழித்துவிட்டார்கள் என்று தெரிந்தால் அந்த மெஷினில் எதையும் ஏற்றாமல் உடனே அணையுங்கள், புதிதாக எழுதப்படும் ஒவ்வொன்றும் பழையதன்மேல் விழும்.

ஜிஎஸ்டி தளத்தில் மாமா ஏற்கெனவே தாக்கல் செய்த ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனை விவரத்தையும், சப்ளையர்கள் தாக்கல் செய்ததிலிருந்து தானாக உருவாகும் 2பி என்ற கொள்முதல் விவரத்தையும் வைத்து ஆடிட்டர் விற்பனையையும் கொள்முதலையும் ஓரளவு மீட்டுக் கொடுத்தார். யார் எவ்வளவு பாக்கி என்பது அதில் எங்கே இருக்கிறது? மாமா ஒவ்வொருவராகப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார். நாணயமாகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள், "அதெல்லாம் எப்பவோ கொடுத்தாச்சே" என்பவர்களும் இருக்கிறார்கள்.

பில் கேட்டதற்குத் தரவில்லை. ஜிபே ரசீது, வாட்ஸ்அப்பில் அவர்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ், அந்தப் பென் டிரைவ் மூன்றையும் பத்திரமாக வைத்து தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் புகார் பதிந்திருக்கிறோம். சரியான பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். கொடுத்த கட்டணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் அங்கே மனுவுக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். உங்களுக்கும் யாராவது 'லேப் ரெக்கவரி' என்று எண் பெயர் போட்ட கோப்புகளைக் கொடுத்திருந்தால் அந்தப் பென் டிரைவை அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி.